சட்டைப் பையில் ஒரு ஜெட்

என் அக்கா மலையேறி என் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நான் அப்போது சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலை பாக்டரியில் பிட்டராக இருந்தேன். கம்பத்திலிருந்து ஏலக்காய் ஜீப்பில் காலிச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து, லயத்து வாசலில் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு முன்னால் இறங்கியவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினாள்.

"பிள்ளைக்குக் காது குத்துறோம், வர்ற வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள குத்தியாகணும். ஒன் மடியிலதான் குத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னு சம்மதம் வாங்கியிருக்கேன். வந்துருவல்லடா?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், மலையில் எங்கள் சொந்த ஊரில் அப்பா இறந்தபோது மச்சான், அதாவது அக்காவின் கணவர், தாமதமாக வந்தார். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊர் மொத்தமும் நிற்கையில், "நேரத்துக்கு வரத் தெரியாத மனுசனுக்கு இங்க என்ன வேல?" என்று கேட்டுவிட்டேன். அவர் அப்படியே திரும்பிப் போனார். மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஜீப்பை விட்டுவிட்டு நடந்தே வந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. என் குணம் அப்படி. தப்பு என்று மனசுக்குப் பட்டால் வாய் இன்னும் இறுகிக்கொள்ளும்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. இப்போது மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவரும் கம்மலைப் போட வேண்டும். அக்காவின் மாமனார் அதற்கு ஒப்புக்கொண்டாராம், ஒரு நிபந்தனையோடு. "ஒன் தம்பி நேரத்துக்கு வரலேன்னா பங்காளிப் பயல் ஒருத்தன மடிக்கு உக்கார வச்சிருவோம். அதுக்கப்புறம் பொறந்த வீடுன்னு நீ இந்த வாசல்ல பேசக் கூடாது."

"வந்துருவேன்க்கா" என்றேன். அவள் அதன் பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

என்னிடம் அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. எஸ்டேட்டில் துரைமாரைத் தவிர மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதன் சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. காதுகுத்துக்குப் போகும்போது வேறு மாதிரி ஒன்று மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை வந்தது. மாமன் வந்துவிட்டான் என்று யாரும் போய்ச் சொல்லாமலே அந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டும். மூன்று வருட மனஸ்தாபத்தை ஒரு சத்தத்தில் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

கம்பம்மெட்டில் ஒரு ராவுத்தர் உதிரிப் பாகக் கடை வைத்திருந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே சொந்த ஊர், பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. என் வயதுதான் இருக்கும். அவரும் மோட்டார் சைக்கிள்காரர், மாதம் ஒரு தடவை அதிலேயே ஊருக்குப் போய் வருவார். அவரிடம் நேர்க்குழாய் ஒன்று கிடைத்தது. உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத, புகையைத் தடையின்றி வெளியே விடும் குழாய். அதோடு காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றையும் என் கையில் வைத்தார்.

"இது ஜெட்டுங்க. இப்ப இருக்கறதவிட ஓட்டை கொஞ்சம் பெருசு. குழாயை மாத்துனா இதையும் மாத்தோணுமுங்க."

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவிலுள்ள துளை வழியாகத்தான் பெட்ரோல் மேலே வரும். நெல்மணி அளவுதான் இருக்கும், துளையோ ஊசிமுனை அளவு. குழாய் மாற்றியதற்கெல்லாம் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாக்டரியில் எண்ணெய் எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிறவனுக்குக் கடைக்காரர் பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் சுருக்கென்றும் இருந்தது. பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குழாயை மாட்டி ஒரு மிதி மிதித்தேன். லயம் முழுவதும் வெளியே வந்து நின்றது. என் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"காது குத்துக்குப் போறீகளா, இல்ல ஊர்க்காரங்க காத எல்லாம் கிழிக்கப் போறீகளா?"

வண்டி அப்படி ஓடியது. இதற்கு முன் அந்த மேட்டில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும், கரும்புகையாகத் துப்பும். மலைக்காற்று மெல்லியது. காற்றுக் குறைவதால் பெட்ரோல் கூடிப்போகும். அதற்காக நாங்கள் மலைக்காரர்கள் எல்லோரும் கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கி வைத்துப் பெட்ரோலைக் குறைப்போம். அப்படியும் என் வண்டியின் பிளக் கரி பிடித்துத்தான் கிடக்கும். புதுக் குழாய் மாட்டி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பித்தூள் நிறம். எஞ்சின் திருப்தியாக எரிகிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் கிடையாது. பார்த்தாயா என்று ராவுத்தரை மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். பெட்ரோல் கூடிக் கிடந்த குறையைத்தான் அந்தக் குழாய் சரிக்கட்டியிருக்கிறது, அதுவும் அந்த உயரத்துக்கு மட்டும்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மனைவி சீர்த்தட்டுகளோடு ஜீப்பில் கீழே போனாள். "நீங்களும் இப்பவே வந்துருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். வேலை இருக்கிறது என்றேன். வேலை இருந்தது உண்மைதான். கேட்டால் லீவு கொடுத்திருப்பார்கள் என்பதும் உண்மைதான். கம்மலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். மாமன் கையால் கொடுக்க வேண்டியது என்று அதைக் காகிதத்தில் மடித்து, ஜெட் கிடந்த அதே பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குக் கிளம்பினேன். எட்டு மணிக்குள் கம்பம்மெட்டு, ஒன்பதுக்குள் அக்கா வீடு என்பது கணக்கு. வழியில் ஒரு வளைவில் ஏலக்காய் ஜீப் ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மூட்டைகளை இறக்கி, பத்துப் பேர் சேர்ந்து ஜீப்பைப் பாறை ஓரம் தள்ளுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. கம்பம்மெட்டில் நுழையும்போது என் கைக்கடிகாரம் ஒன்பதைத் தாண்டி ஐந்து நிமிடம் காட்டியது.

என் வண்டிச் சத்தம் கேட்டு ராவுத்தர் கடையை விட்டுப் பாதைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க பிட்டரே, அந்த ஜெட்டப் போட்டீங்களா?"

"தேவைப்படல. வண்டி பூ மாதிரி ஓடுது."

"மேல ஓடுமுங்க. கீழ காத்து கனமுங்க, வெயில் வேற. காத்து சாஸ்தி, பெட்ரோல் கம்மின்னா எஞ்சின் காஞ்சு போயிருமுங்க. ஊசியையும் எறக்கி வெச்சிருப்பீங்க. பத்தே நிமிசம் குடுங்க, நானே மாத்தித் தாறேன்."

ஸ்பானரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இறக்கத்துக்கு நாற்பது நிமிடம், அதற்கப்புறம் சமவெளியில் பத்து நிமிடம். பத்து நிமிடம் இங்கே கொடுத்தாலும் பத்தரைக்கு முன்னால் போய்ச் சேரலாம். கணக்குத் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. அவர் மாற்றிக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடுமே.

"இன்னைக்கு எனக்கு ஒரு நிமிசம்கூட இல்ல ராவுத்தரே."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. கீழ போயி முறுக்காதீங்க. மெல்லப் போனீங்கன்னா ஊடு போய்ச் சேர்ந்துருவீங்க."

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டபோதெல்லாம் குழாய் படார் படார் என்று வெடித்தது. மேலே இவ்வளவு வெடித்ததில்லை. பாறைகளில் பட்டு அந்த வெடி திரும்பி வந்தது. முதல் நாலைந்து வளைவு வரைக்கும் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து குழாய் கிளம்பும் இடம் நீலமாகிக் கொண்டிருந்தது. ராவுத்தர் சொன்னது சரிதான் என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. காற்று வளைவுக்கு வளைவு சூடாகிக்கொண்டே வந்தது.

சமவெளியில் இறங்கியபோது மணி ஒன்பது ஐம்பது. கம்பத்தைத் தாண்டியதும் கிழக்கே நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் வயல். அக்காவின் ஊர்க் கோவில் கோபுரம் பனைகளுக்கு நடுவே தெரிந்தது. மெல்லப் போங்கள் என்றார் ராவுத்தர். மெல்லப் போனாலும் பத்தே காலுக்குப் போயிருப்பேன். ஆனால் கோபுரத்தைப் பார்த்ததும் கை தானாக முறுக்கியது. அங்கே இந்நேரம் பங்காளிப் பையனை மணையில் உட்கார வைத்திருப்பார்கள், மாமனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பாள். இந்தச் சத்தம் அவள் காதில் விழட்டும் என்று முழுக்க முறுக்கினேன்.

எஞ்சினுக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குவது போல ஒரு கிணுகிணுப்பு. வேகம் தானாகக் குறைந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகி வண்டி பக்கவாட்டில் இழுத்தது. கிளச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். வண்டி ஓசையில்லாமல் உருண்டு ஒரு மதகுப் பக்கம் போய் நின்றது. பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டுவிட்டது. மணி பத்து. ஊர் இன்னும் இரண்டு மைல்.

இதற்கப்புறம் நான் செய்ததைத்தான் இத்தனை வருடங்களாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் போயிருப்பேன். எஸ்டேட் மேட்டில் ஏறி இறங்கும் கால்கள், இரண்டு மைல் ஒன்றுமே இல்லை. ஆனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி வண்டியில் வந்தவன் வேர்த்து விறுவிறுத்து நடந்து போய் நிற்பதா? என்னால் முடியவில்லை. கிக்கரின் மேல் ஏறி நின்றேன், அசையவில்லை. மதகுத் தண்ணீரில் துண்டை நனைத்து எஞ்சினில் போட்டேன், சீறியது. கார்புரேட்டரைத் திறந்து இப்போதாவது ஜெட்டை மாற்றிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். இரண்டு விரல் வெந்ததுதான் மிச்சம். பத்தே கால். பத்து இருபது. அப்போதுதான் ஓட ஆரம்பித்தேன்.

அரை மைல் ஓடியிருப்பேன். எதிரே பாதையில் ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. இடுப்பில் குழந்தை, காலில் செருப்பில்லை, பட்டுப்புடவை புழுதியில் இழுபடுகிறது. அவளுக்குப் பின்னால் சைக்கிளில் ஒருவர். என் அக்காவும் மச்சானும்தான்.

அக்கா என்னைப் பார்த்ததும் நின்றாள். குழந்தையை இறக்கிவிட்டாள். கிட்டே வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சத்தம் கேட்டுச்சுடா. மேட்டுல எறங்கும்போதே கேட்டுச்சு. அந்தா வந்துட்டான் என் தம்பின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பிள்ளைய யார் மடியிலயும் வைக்க மாட்டேன்னுட்டேன். அப்புறம் சத்தம் நின்னு போச்சு. ஒன்ன லாரி அடிச்சுப் போட்டுருச்சுன்னே நெனச்சேன்."

மச்சான் சைக்கிளை நிறுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நேரத்துக்கு வரத் தெரியாத மனுசன் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும், அதற்கு என்னைத் தயார் செய்துகொண்டேன். அவர் என் கையை எடுத்து வெந்த விரல்களைப் பார்த்தார்.

"வேற எங்கயும் அடி படலயே மாப்ள?"

அவ்வளவுதான் கேட்டார். அன்று சகதியோடு வந்து நின்ற அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நாங்கள் பந்தலுக்குப் போனபோது பத்தரை தாண்டிவிட்டது. ராகுகாலம் முடியும்வரை, பன்னிரண்டு மணிவரை, எல்லோரும் காத்திருந்தோம். மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் மட்டும், "சபைய விட்டு எந்திரிச்சு நடுரோட்டுல ஓடுன. இனிமே ஒனக்கு இந்த வீடு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டார். வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள்.

பன்னிரண்டுக்கு மேல், பாதி காலியான பந்தலில், மருமகளை என் மடியில் வைத்தார்கள். அவள் என் சட்டைப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரி கம்மலுக்குக் கை நீட்டினார். பையில் கை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்து முழித்தார். உள்ளங்கையில் பித்தளை ஜெட்.

யாரோ சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைக்குள் பார்த்தார்.

"இது என்ன மாப்ள?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் மடியில் அந்தக் குழந்தை இருந்தது.

"வண்டில போட வேண்டியது. குழாய மாத்துனா இதையும் மாத்தணும்னு சொன்னாக."

"இதப் போட்டிருந்தா நின்னிருக்காதோ?"

"நின்னிருக்காது."

"போட எம்புட்டு நேரமாகும்?"

"பத்து நிமிசம்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாலையில் அழுத முகம் இல்லை அது. எனக்கு ஏதோ விபரீதம் என்று நினைத்துத்தான் அவள் சபையை விட்டு ஓடி வந்தாள், மாமனாரிடம் பேச்சு வாங்கினாள். விபரீதம் எதுவும் இல்லை, தம்பியின் வீம்புதான் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்தது.

"செத்திருந்தாக்கூட ஒனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்டா" என்றாள் மெதுவாக. மச்சான் கையிலிருந்த ஜெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "கம்மல எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஆசாரி குத்தும்போது குழந்தை அசையவில்லை. அசைந்தது என் மடிதான். இடது காதுத் துளை ஒரு நூல் அளவு கீழே இறங்கிவிட்டது. ஆசாரி கை தவறிவிட்டது என்று மருமகளிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அக்காவிடம் ஜெட்டைக் கேட்டேன். "தரமாட்டேன். வேணும்னா இங்க வந்து பாத்துட்டுப் போ" என்றாள். வருடம் தவறாமல் நான் போனேன், மச்சான் யாரையும் தடுக்க விடவில்லை. அவள் மட்டும் மலையேறி வரவில்லை. மாமனார் காலமான பிறகும் வரவில்லை.

அன்று பிற்பகல் மச்சானும் நானும் வண்டியைக் கம்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஜீப்பில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். வெயில் தலையைப் பிளந்தது. ஹேண்டிலை நான் பிடித்திருந்தேன், அவர் பின்னாலிருந்து தள்ளினார். முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு அது வசதியாக இருந்தது.

"மச்சான், அப்பா செத்த அன்னைக்கு மண்ணு சரிஞ்சு கெடந்துச்சே, எத்தன மைலு நடந்து வந்தீக?"

டயர் சரளையில் உரசிக்கொண்டே போனது.

"ஒம்பது மைலு."

நான் நின்றுவிட்டேன். திரும்ப ஒன்பது மைல் நடந்துதான் போயிருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

"ஏன் மாப்ள நின்னுட்ட?" என்றார் பின்னாலிருந்து. "இன்னும் ஒரு மைலு கெடக்கு. தள்ளு."